சபைக்கூச்சம் தெளிவித்த சுவாமிகள்

புதுச்சேரி நகரத்தின் நேர்கோட்டுத் தெருக்களை விட்டு வடக்கே சென்று, முத்தியால்பேட்டையையும் தாண்டுவோமானால், ஒரு காலத்தில் தோப்புகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்ததும், இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாகன இரைச்சலுக்கும் நெருங்கிய வீடுகளுக்கும் இடையே தன் பழைய அடையாளங்களைச் சிற்சில இடங்களில் மட்டும் காப்பாற்றி வைத்திருப்பதுமான கருவடிக்குப்பம் என்னும் ஊரை அடைவோம். இவ்வூரின் பெயர் தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் புதியதன்று. சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயில் இங்கேதான் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் அக்கோயிலை நாடி வந்ததும், அதனை அடுத்த மாந்தோப்பில் தனித்திருந்து குயிலின் குரலைக் கேட்டதும், அந்த அநுபவமே ‘குயில் பாட்டு’ என்னும் காவியமாக விளைந்ததும் இலக்கியப் பயிற்சி உடையோர் அறிந்த சங்கதிகள். அத்தோப்பைக் குயில் தோப்பு என்றே ஊரார் வழங்குகின்றனர்.

அதே கருவடிக்குப்பத்து மயானத்தில் மற்றொரு பெரியவரும் அடங்கியிருக்கிறார். குயில் தோப்பைத் தேடி வருவோரில் எத்தனை பேர் அவர் சமாதியையும் தேடிச் செல்கின்றனர் என்று எண்ணும்போது மனம் சற்று வருந்தவே செய்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று நடிகர் உலகம் இன்றளவும் கைகூப்பித் தொழும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே அவர். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’, ‘பிரகலாதன்’, ‘நல்லதங்காள்’ முதலாக நாற்பதை ஒட்டிய நாடகங்களை இயற்றியவர், ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியத்’தையும் ‘சிம்பலை’னையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று அவருடைய பெருமையை நாடக சரித்திரம் எழுதினோர் கூறியுள்ளனர். அவற்றையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வாய் திறக்க அஞ்சிய ஏழைச் சிறுவர் பலரை, ஆயிரம் கண்களுக்கு முன்னே நிமிர்ந்து நின்று பேசவும் பாடவும் வைத்த ஒரு வழக்கத்துக்கு அவர் உருக்கொடுத்தார். அந்த வழக்கத்தின் கதையைத்தான் இங்கே கூற விரும்புகிறேன்.

கூச்சம் என்பது மனித ஸ்வபாவத்தோடு பிறந்தது. நான்கு பேர் கூடிய இடத்தில் நா வறண்டு போவதும், உள்ளங்கை வியர்ப்பதும், தெரிந்த பதிலும் தொண்டைக்குழியில் சிக்கிக்கொள்வதும் எக்காலத்திலும் எத்தேசத்திலும் உண்டு. திருவள்ளுவர் அவை அறிதலுக்கு ஓர் அதிகாரமும் அதனை அடுத்து அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருப்பதைக் காணும்போது, கற்றவர்களையே இத்துன்பம் எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். ஆயினும் நம் குடும்பங்களில் இதை ஒரு துன்பமாகக் கருதும் வழக்கம் இருந்ததில்லை. விருந்தினர் வந்தால் கதவிடுக்கில் ஒளியும் பிள்ளையை, ‘பயந்தாங்கொள்ளி’ என்றோ, ‘ஊமைக் கோட்டான்’ என்றோ எல்லோர் முன்னிலையிலும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்த பிறகு அந்தப் பிள்ளை இன்னும் ஓரடி உள்ளே தள்ளிப் போகும். பெண் குழந்தையாயின் அந்தக் கூச்சத்தையே நற்குணமென்று புகழ்ந்து, அதனைச் சிறிதும் கலையாமல் காப்பாற்றுவார்கள். இரண்டும் அக்குழந்தைக்குத் துணை செய்வன அல்ல.

இக்கூச்சத்தை ஒரு நாடகம் தொட்ட வரலாற்றைக் காந்தியடிகள் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பள்ளி மணி அடித்ததும், யாராவது தம்மோடு பேசிவிடுவார்களோ என்ற அச்சத்தினால் ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிடும் சிறுவராக அவர் இருந்தார். ராஜகோட்டைக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனி நடித்த ‘ஹரிச்சந்திர’னை அவர் கண்டார், கண்டபின் தமக்குள்ளேயே, ஒருவரும் அறியாமல், எண்ணிறந்த தடவை ஹரிச்சந்திரனாக நடித்துப் பார்த்துக்கொண்டார். ஆயினும் பின்னாளில் லண்டனில் சைவ உணவாளர் சங்கத்திலே, தாம் எழுதி வந்ததைத் தாமே வாசிக்க மாட்டாமல் பிறரை வாசிக்கச் சொல்ல நேர்ந்தது. பாரிஸ்டராகத் திரும்பிய பிறகும் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் எழுந்து நின்றபோது தலை சுழல, கட்சிக்காரரின் வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து இந்திய வியாபாரிகளின் கூட்டத்திலேதான் அவருடைய முதல் பிரசங்கம் நிகழ்ந்தது. தம்மைப் பற்றிய எண்ணம் மறைந்து, சொல்லவேண்டிய விஷயம் நெஞ்சை நிறைத்த இடத்தில் அவருக்கு நா எழுந்தது என்பதையே இவ்வரலாற்றில் நான் முக்கியமாகக் காண்கிறேன். பேசுவதற்கு ஒரு பொருளும், நிற்பதற்கு ஒரு நியாயமும் கிடைத்தால் கூச்சம் மெல்லத் தளர்கிறது. நம் நாட்டுப் பாலர் நாடக சபைகள் செய்த காரியமும் இதுவே.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணப் பிரசங்கம் செய்வதில் பேர்பெற்றவர். இளமையில் தந்தையாரிடத்தும், பின்னர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடத்தும் தமிழ் கற்ற சங்கரன், வயிற்றுப் பாட்டுக்காக உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, 1891ஆம் ஆண்டில், தம் 24ஆம் பிராயத்தில் நாடகத்தில் புகுந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். படித்த வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை அது. சங்கரதாஸர் சேர்ந்ததோ நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட ராமுடு ஐயர், கல்யாணராமையர் கோஷ்டியில். இரணியன், எமதருமன், சனீசுவரன் முதலான பயங்கர வேடங்களே அவருக்கு வாய்த்தன. ஆஜாநுபாகுவான தோற்றமும் இடிபோன்ற குரலும் அவ்வேடங்களுக்கு மெத்தப் பொருந்தின.

இவ்விடத்தில் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியாது. நளன் கதையில் சனீசுவரனாக இரவெல்லாம் நடித்துவிட்டு, விடியுமுன் வேடத்தைக் கழுவுவதற்காகக் குளக்கரைக்குச் சென்றவரை, அந்த அரையிருளில் கண்ட ஒரு பெண், அக்கோலத்தின் பயங்கரத்தைத் தாளாமல் அங்கேயே விழுந்து உயிர் துறந்தாள் என்பதும், அதன் பிறகு அவர் வேடம் தரிப்பதையே விட்டுவிட்டார் என்பதும் அக்கதை. நடிகன் ஒருவன் தன்னைக் கண்டு பிறர் அஞ்சியதனால் மேடையை விட்டு ஒதுங்கினான் என்பது எத்தகைய துயரம்! சபையைக் கண்டு அஞ்சுவோரை நாம் அறிவோம். தன்னால் சபைக்கு விளையும் அச்சத்தைக் கண்டு அஞ்சியவர் இவர். நாம் எதையேனும் செய்து பிறருக்குத் தீங்காகிவிடுமோ என்ற கலக்கமே, கூச்சமுள்ளவர் பலருடைய உள்ளத்தில் அடிநாதமாக இருப்பது. அக்கலக்கத்தின் முழு வேதனையையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

அவருடைய ஒதுக்கம் அதோடு நிற்கவில்லை. சாமி நாயுடுவின் சபையில் ஆசிரியராக அமர்ந்து நாடகங்களைச் சீர்படுத்திக்கொண்டிருந்தவர், திடீரென்று அதையும் துறந்து, உடுத்தியதைக் களைந்து கோவணம் தரித்து, தலம் தலமாக யாத்திரை செய்யலானார். சங்கரதாஸ் என்ற பெயரோடு சுவாமிகள் என்ற பட்டமும் சேர்ந்தது அப்போதுதான். அந்தச் சஞ்சாரத்தின் முடிவில் அவரை மறுபடியும் மனிதர் நடுவே கொண்டுவந்து சேர்த்தவர் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைச் சங்கீத சபைகளில் மதிக்கச் செய்த அந்த மகா வித்துவான், துறவியை வாதிட்டு வெல்ல முயலவில்லை. தம் பிள்ளையைப் போலப் பாவித்துத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். லயத்தின் நுட்பங்கள் நிறைந்த அந்த வீட்டிலே இருந்ததன் பலனை, சுவாமிகளின் பாடல்களில் துள்ளிவரும் சந்தங்களில் நாம் காண்கிறோம். மான்பூண்டியா பிள்ளையின் தூண்டுதலால் அவர் நாடகத்துக்குத் திரும்பினார். வேடதாரியாக அல்லாமல் வாத்தியாராக.

வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் முதலியோரின் சபைகளில் ஆசிரியராக இருந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே நிறுவினார். பிற்காலத்தில் பாட்டினால் தமிழ்நாட்டையே கட்டிவைத்த எஸ். ஜி. கிட்டப்பா அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர். ஆயினும் பெரியவர்களை வைத்து நாடகம் நடத்துவதில் அவருக்குச் சலிப்பு மிகுந்தது. எழுதிக் கொடுத்ததைப் பேசாமல் மனம் போனவாறு பேசுவதும், மேடையிலேயே ஒருவரை ஒருவர் பழிவாங்கிக்கொள்வதும் அக்கால நடிகரிடையே சகஜமாக இருந்தன. இளம் பிள்ளைகளைக் கொண்டே கிரமமான நாடகம் நடத்தலாம் என்று துணிந்தார். பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட அந்த 1918ஆம் ஆண்டிலேயே, மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது.

அச்சபையில் வந்து சேர்ந்த பிள்ளைகள் எத்தகையோர்? பெரும்பாலும் வறுமைப்பட்ட குடும்பத்துச் சிறுவர். வீட்டில் ஒரு வயிறு குறைந்தால் போதும் என்று பெற்றோர் கொண்டுவந்து விட்டவர்களே அதிகம். பெண் வேடத்தில் பேர்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோரை அழைத்துவந்து சேர்த்தபோது, சண்முகத்துக்கு வயது ஆறு. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய வயதில், பரிச்சயமில்லாத ஊரில், பரிச்சயமில்லாத பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, அந்நியர் பரிமாறும் சோற்றை உண்டு வாழ நேர்ந்த குழந்தைகளுக்கு எவ்வளவு கூச்சமும் அச்சமும் இருந்திருக்கும்!

பாலர் சபைகளின் பயிற்சி முறையை உற்றுப் பார்த்தால், அக்கூச்சத்தை அது எவ்வளவு படிப்படியாகக் கரைத்தது என்பது விளங்கும். புதிதாக வந்த பையனை யாரும் உடனே மேடையேற்றுவதில்லை. சில நாள் அவன் கம்பெனி வீட்டின் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கக் கேட்க, தான் அறியாமலே அவனுக்குப் பாதி நாடகம் மனப்பாடமாகிவிடும். நாடகம் தொடங்குமுன் படுதாவுக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கடவுள் வாழ்த்துப் பாடும்போது அவனும் அக்கூட்டத்தில் ஒருவனாக நிற்பான். அவன் குரல் தனியாக யார் காதிலும் விழாது. எதிரே இருப்பதும் துணித்திரையேயன்றிச் சபை அன்று. பின்பு ஒரு நாள் தோழிப் பெண்களில் கடைசித் தோழியாகவோ, அரண்மனைச் சேவகனாகவோ ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுவிட்டு வருவான். அதன் பிறகு ஒரே ஒரு வசனம். பிறகு ஒரு பாட்டு. நாரதராகவோ, பிரகலாதனாகவோ, லவகுசர்களில் ஒருவனாகவோ அவன் நடுமேடைக்கு வரும்போது, அம்மேடை அவனுக்குத் தன் வீட்டுத் திண்ணையைப் போலப் பழகிப்போயிருக்கும்.

பாடம் சொல்லிக் கொடுக்கும் காட்சியைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். காலை வேளை, கூடத்தின் ஒரு பக்கம் ஆர்மோனியம், எதிரே வாத்தியார். பையன் எழுந்து நின்று கைகட்டிக்கொள்கிறான். வாத்தியார் ஓர் அடியைச் சொல்கிறார். பையன் திருப்பிச் சொல்கிறான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. மறுபடியும் அதே அடி. மறுபடியும் அதே முனகல். மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சீரில் நிறுத்துவது, எந்த எழுத்தை அழுத்துவது என்று ஒவ்வொன்றாகத் திருத்தம் நடக்கிறது. ‘ஏன் பயப்படுகிறாய்?’ என்று அவனை யாரும் கேட்பதில்லை. பயத்தைப் பற்றிய பேச்சே அங்கு எழுவதில்லை. பேச்சு முழுவதும் மூச்சையும் தாளத்தையும் உச்சரிப்பையும் பற்றியது. தன் மனத்தைத் திறந்து காட்டும்படி ஒருவரும் வற்புறுத்தாததனாலேயே, அவன் கவனமெல்லாம் அடியின் மீது சென்று, குரல் தானே மேலெழும்புகிறது. தைரியம் கொள் என்று ஆயிரம் தடவை உபதேசம் செய்வதைக் காட்டிலும், சுத்தமாகப் பாடமான பத்து வரிகள் ஒரு கூச்சக்காரப் பிள்ளைக்குப் பெரிய பலம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அரிதாரமும் ஒரு துணையே. மஞ்சளும் சிவப்பும் முகத்தில் ஏறி, கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்டு நிற்கும்போது, சபையோர் பார்ப்பது குப்புசாமியை அன்று, அர்ச்சுனனை. தவறினால் அர்ச்சுனனுக்கு வந்த தவறு. கைதட்டினால் அதுவும் அர்ச்சுனனுக்கே. அந்த மறைவில் நின்றுகொண்டு பையன் சபையின் கண்களை முதன்முறையாக நேரே பார்க்கிறான்.

இதே உண்மையை நூறு ஆண்டுக்குப் பின் கடல் கடந்து ஒரு தேசம் வேறொரு விதமாகக் கதையாக்கியிருக்கிறது. ஜப்பானியரின் அனிமே என்னும் சித்திரத் தொடர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று விரும்பிப் பார்க்கின்றனர். 2022ஆம் ஆண்டு வெளிவந்த ‘போச்சி தி ராக்’ என்ற தொடரின் நாயகி கோத்தோ ஹித்தோரி, ஒருவரோடும் பேச மாட்டாமல், தன் வீட்டுச் சுவர் அலமாரிக்குள் அடைந்து தனியே கித்தார் வாசித்துப் பழகும் ஒரு பள்ளி மாணவி. ஒரு வாத்தியக் குழுவில் சேர்ந்தும், முதல் கச்சேரியன்று அவளால் சபைக்கு முகம் காட்ட முடியவில்லை. மாம்பழம் வைக்கும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் ஒளிந்துகொண்டே வாசித்துத் தீர்க்கிறாள். தோழியர் அவளைப் பரிகசித்துப் பெட்டியைப் பிடுங்குவதில்லை. பெட்டியோடு மேடையில் இடம் கொடுக்கின்றனர். கச்சேரிக்குக் கச்சேரி அவள் சிறிது சிறிதாகத் தலை நிமிர்கிறாள். அவ்விளம்பெண்ணின் கூச்சம் ஓரிரவில் மாயமாய் மறைந்துவிட்டதாகக் காட்டாத அத்தொடரின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இக்கதையைக் காணும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, தங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்திலேயே, கரி எண்ணெய் விளக்கின் ஒளியில், அரிதாரத்தின் மறைவில் நின்று கூச்சம் தெளிந்த சிறுவர் கூட்டம் ஒன்று நம் நாட்டிலும் இருந்தது என்பதை யாரேனும் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் அளவறிந்து வேடம் கொடுப்பதில் சுவாமிகளுக்கு இருந்த அக்கறைக்கு ‘அபிமன்யு சுந்தரி’ நாடகமே சாட்சி. சிறுவன் சண்முகம் கதாநாயகனாக நடிப்பதற்கென்று, நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய அந்நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் அவர் எழுதி முடித்தார். புலவர்கள் இதனை அவருடைய கவித்துவ வேகத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். எனக்கோ அந்த வேகத்தினும் பெரிதாகத் தோன்றுவது வேறு: இருக்கும் நாடகத்துக்குள் பிள்ளையைத் திணிக்காமல், பிள்ளைக்காக ஒரு நாடகத்தையே எழுதியது. அச்சிறுவன்தான் பின்னாளில் ஔவைப் பாட்டியாகவே மேடையில் வாழ்ந்து ஔவை சண்முகம் என்று பெயர் பெற்று, டி. கே. எஸ். சகோதரர்களின் சபையைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்று, ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் தம் குருநாதரை நன்றியோடு நினைவுகூர்ந்தவர்.

ஆனால் பாலர் சபைகளின் பெருமையை மட்டும் பேசி, அவற்றின் கொடுமையை மறைப்பது நேர்மையாகாது. பல கம்பெனிகளில் பிரம்பு ஓயாமல் வேலை செய்தது. ஒப்பந்தம் முடியும் வரை தாய் தந்தையரைக் காண இயலாமல் ஏங்கிய பிள்ளைகள் உண்டு. தாளமாட்டாமல் இரவோடிரவாக ஓடிப்போனவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான சோதனை, பதின்மூன்று பதினான்கு பிராயத்தில் குரல் உடையும் பருவம். நாடகக்காரர்கள் அதனை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை குயில்போல் பாடி ‘ஒன்ஸ்மோர்’ வாங்கிய பையனுக்கு இன்று தொண்டையில் காற்றுத்தான் வரும். பெண் வேடமாகிய ஸ்திரீபார்ட் போய்விடும், நாயக வேடமாகிய ராஜபார்ட்டுக்கு உடம்பு போதாது, சபையில் பின்வரிசைக்குத் தள்ளப்படுவான். பாடுபட்டு வென்ற கூச்சம், பழைய கடன்காரனைப் போல் வாசலில் வந்து நிற்கும். அந்தப் பருவத்தைப் பொறுமையோடு கடக்கத் துணை கிடைத்தவர்கள் நடிகர்களாயினர். கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்த நாடக சரித்திரமும் எழுதி வைக்கவில்லை. பெண் குழந்தைகளுக்கோ இப்பயிற்சியின் வாசலே அடைத்திருந்தது. அவர்களுடைய வேடங்களைக்கூடப் பையன்களே தரித்தனர்.

சுவாமிகள் ஏற்படுத்திய பாட முறையின் மற்றொரு பலனை இன்றும் நேரில் காணலாம். மதுரை, புதுக்கோட்டை முதலிய பக்கங்களில் திருவிழாக் காலத்தில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் வெவ்வேறு ஊர்களிலிருந்தும் பொழுது சாயும் வேளையில் வந்து இறங்குவார்கள். நோட்டீஸில் அச்சான பெயரன்றி ஒருவரைப் பற்றி ஒருவருக்கு வேறொன்றும் தெரியாதிருக்கக்கூடும். கொட்டகைக்குப் பின்னால் ஒரே விளக்கடியில் ஆளுக்கொரு கண்ணாடி பிடித்துக்கொண்டு அரிதாரம் பூசும்போது, ஊரையும் பெயரையும் விசாரித்து நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். இரவு பத்து மணிக்கு மேல் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வேலனும் வள்ளியுமாகத் தினைப்புனத்தில் எதிர்ப்பட்டுத் தர்க்கம் தொடங்கினால், கிழக்கு வெளுக்கும் வரை ஒருவருக்கொருவர் விடை சொல்லி ஓய மாட்டார்கள். சுவாமிகளின் பாடம் இருவர் நெஞ்சிலும் இருப்பதே அதற்குக் காரணம். அறிமுகமில்லாத இரு மனிதர் கூச்சமின்றிச் சந்தித்துப் பேசுவதற்கு அவர் கட்டி வைத்த மண்டபம் அது. நூறாண்டுக்கு மேலாகியும் இடியவில்லை. இப்போது அம்மேடைகளில் பெண்களே வள்ளியாக நின்று, ஊரார் முன்னிலையில் ஆண்மக்களைத் தர்க்கத்தில் மடக்குகின்றனர் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது.

இத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்தவருக்கு, இறுதிக் காலத்தில் தம் வாக்கே இல்லாமற் போயிற்று. 1921ஆம் ஆண்டில் பால சபை சென்னையில் இருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் ஒரு புறம் செயலிழந்தன, பேச்சும் அடங்கிற்று. வீடு, மனைவி, மக்கள் என்று எதையும் தேடிக்கொள்ளாத அவருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை; பிள்ளைகள் இருந்த இடமே அவருக்கு வீடு. அந்நிலையிலும் சபையோடே ஊர் ஊராகச் சென்றார். அக்கூடத்திலே பாடம் நடந்துகொண்டிருக்க, திருத்தம் சொல்ல நா எழாமல் அம்மாமேதை வீற்றிருந்ததை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்டிருந்தனர். ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுக்கவும் வல்லவராயிருந்தனர்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் சபை முகாமிட்டிருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி திங்கட்கிழமை சுவாமிகள் காலமானார். தென்பாண்டி நாட்டில் பிறந்து, தமிழ்நாடு முழுவதும் அலைந்த அவ்வுடல் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவரை அநாதையாகப் போக விடாமல் கடைசிவரை உடனிருந்தவர்கள், அவரிடம் நாடகம் கற்ற சிறுவர்களே.

பின்னர் புதுச்சேரி அவரை மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் தேதி நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்துச் சமாதியில் மாலை சூட்டி வணங்குகின்றனர். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே சூட்டியது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி தொடக்க காலத்தில் அதற்குத் தலைமை வகித்தார்.

இவை நல்ல காரியங்கள், எனினும் போதா. நம் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகளுக்கே எல்லா வேடங்களையும் கொடுத்துவிட்டு, பேசாத பிள்ளையை நாற்காலி அடுக்க அனுப்பும் வழக்கம் இன்னும் மாறவில்லை. ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது: இவ்வாண்டு சுவாமிகளின் நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்குக் கடைசித் தோழியின் வேடத்தையாவது கொடுங்கள், ஒரே ஒரு வரியைப் பாடம் பண்ணி வையுங்கள். அடுத்த ஆண்டு இரண்டு வரி கொடுக்கலாம்.